கருநீலத்தில் போட்ட போர்

நாமக்கல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய விவசாயக் காட்டுக்கு நிலத்தடி நீர் வரைபடம் கணினியில் போட்டுக்கொடுத்த அவருடைய அக்கா மகன் உடன் வரவில்லை.

“நீலம்னா தண்ணின்னுதான புள்ள எவனும் நெனப்பான்?” என்றார் அவர்.

“கருநீலம்னா தண்ணி ரொம்ப ஆழம், வெளிர்நீலம்னா மேலயே இருக்குதுன்னு படத்து ஓரத்துல எழுதியிருந்துச்சுங்க மாமா. படிச்சீங்களா?”

“போர் போடுற ரிக்கு வண்டி வந்து நின்னுக்கிச்சு. நல்லாக் கருத்திருந்த எடமாப் பாத்துக் காட்டிப்புட்டேன்.”

“அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமுங்க.”

“மாமனுக்குப் படம் பாக்கத் தெரியலன்னு சிரிப்பானே சாமி.”

புதுச்சத்திரம் வந்தது. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சிரிச்சிருந்தா சிரிப்போட போயிருக்கும். இப்ப ஆயிரம் அடிக்கும் வெறும் புழுதி. ஒண்ணரை லட்சம் போச்சுங்க.”