அவளுக்கு மேலே ஓர் இடம்

இரவு ஒன்றரை மணி. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதியின் மாமா, குழி வெட்டுகிறவர், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார்... சிரிக்காதீர்கள். அந்த மனிதர் குடிக்க மாட்டார். கதை கட்டவும் தெரியாது.

விடிந்தால் ஓர் அடக்கம், அதற்குள் குழி தயாராக வேண்டும். செத்தவன் ஊருக்குப் பெரிய மனிதன், வீட்டுக்குள் மிருகம். மூன்று வருஷத்துக்கு முன் பெண்டாட்டியை அடித்தே குழிக்கு அனுப்பியவன். மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்லி மூடிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவள் வீங்கிய முகத்தோடு பாஸ்டரிடம் போய் அழுதாள்.

"உடம்பு அழிஞ்சு போறதும்மா. ஆத்துமாவப் பாத்துக்கோ. பொறுத்துப் போ."

நீங்களே சொல்லுங்கள், அடி வாங்கினது ஆத்துமாவா?

குடும்பக் குழி அது. அவள் பெட்டிக்கு மேலேயே அவனையும் வைக்க வேண்டும். மாமா வெட்டிக்கொண்டே இறங்கினார். ஈர மண் வாடை... நடுவில் தைல வாடை. வலிக்குத் தேய்ப்போமே, அந்தத் தைலம். டொக். கடப்பாரை பெட்டியில் பட்டது. காலடியிலிருந்து ஒரு பெண் குரல்.

"அண்ணே... யாருக்கு இடம் பண்றீங்க?"

மாமா கடப்பாரையைக் கீழே போட்டார். "உன்... உன் வீட்டுக்காரருக்கும்மா."

மறுபடியும் அதே குரல்.

"கடைசி நாள்ல இதே உடம்போடதானே எழும்புவோம்? அன்னைக்கு நான் கண்ணு முழிக்கிறப்போ, மேல அவன் படுத்திருப்பானா?"

மாமா விழுந்தடித்து ஓடிப்போய் பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். நடந்ததைச் சொல்லி, "வேற குழி வெட்டிடுறேங்க" என்று கெஞ்சினார். பாஸ்டர் கொட்டாவி விட்டார்.

"கீழ இருக்கறது வெறும் கூடுய்யா. ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயாச்சு. போய் வேலைய முடி."

அதே வாய்தான் காலை பத்து மணிக்கு, இந்தச் சரீரம் மகிமையோடு எழும்பும் என்று அவனுக்காக உருகி உருகி ஜெபம் பண்ணியது. அவன் உடம்புக்கு அத்தனை மரியாதை! அவளுடையது மட்டும் வெறும் கூடாம். அவள் பெட்டி மேலேயே அவனை இறக்கி மண்ணை மூடினார்கள்.

மறுநாள் விடிந்தபோது அவன் பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரம் கிடந்தது. குழி மேல் போட்ட மாலைகள் அப்படியே இருந்தன. மண் கலையவில்லை. எவனோ செய்த வேலை என்று பாஸ்டர் கத்தினார், தோண்டிப் பார்க்கச் சொன்னார். மாமா மறுபடியும் இறங்கினார்.

அவள் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மேலிருந்த மண்ணைக் கையால் தள்ளினார். உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது... ஆணி முனைகள். மூடியைச் சுற்றி வரிசையாக, புதிதாக, பளபளவென்று. எல்லாமே உள்ளேயிருந்து அடித்தவை.