பச்சை கேட்டு வீட்டுக்காரரு

டேப்ப அங்கியே நிறுத்துங்க மேடம். அந்தக் கல்லத் தாண்டி இழுக்காதீங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, கேக்குறேன், அவ்ளோதான். பேரா? குமரகுரு. இதே தெருதான். தறிச் சத்தம் கேக்குது பாருங்க, அதான் நம்ம வீடு.

புள்ளைங்க வெளையாட எடம் பண்றோம்னு சொல்றீங்க. சரி. யாரு கேட்டாங்க? இந்தத் தெருப் பசங்க எவனும் செல்லுலேர்ந்து தலையத் தூக்க மாட்டான். அவனுங்களா வந்து சறுக்குமரம் வேணும்னு உங்கக்கிட்ட அழுதானுங்க? எத்தினி வருசமா ரோடு போடுங்கன்னு கத்திக்கினு இருக்கோம், அதுக்கு ஒரு ஆபீசரு எட்டிப் பாக்கல. இப்ப கேக்காமயே ஊஞ்சல் தர்றேன்னு வந்து நிக்கிறீங்க. திடீர்னு என்னா பாசம் எங்க மேல?

சிரிக்காதீங்கமா. நாங்களும் ஊரு ஒலகம் பாத்தவங்கதான். இன்னிக்கு ஊஞ்சல்னுவீங்க. நாளைக்குச் சுத்திக் கம்பி வேலி, கேட்டு, பூட்டு. அப்பால ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வர்ற வேனெல்லாம் உள்ள நிக்கும், ஊஞ்சலு ஒரு மூலையில துருப்புடிச்சிக்கினு கெடக்கும். அப்டியெல்லாம் ஆவாதா? சத்தியம் பண்ணுவீங்களா?

எடம் சும்மா கெடக்குதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு? விடிகாலையில வந்து பாருங்க. நீங்க எந்த ஊரு? திருச்சியா? அப்ப தெரியாதுதான். சேலைக்கு நெடுக்க ஓடுற நூலு இருக்குது பாருங்க, அதுதான் பாவு. அத்த இந்தக் கல்லுலேர்ந்து அந்தக் கல்லு வரைக்கும் நீட்டி, கஞ்சி தெளிச்சு, அறுந்த இழையெல்லாம் முடிஞ்சு, வெயில் ஏர்றதுக்குள்ள சுருட்டிடணும். வூட்டுக்குள்ள அவ்ளோ நீளத்துக்கு எங்க போறது? ரெண்டு முனையிலயும் ஆளு நின்னு ஒரே தெம்புல இழுத்துப் புடிக்கணும். போற வர்றவன்லாம் புடிச்சிட முடியாது, ரெண்டு கையும் ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கணும்.

அது கெடக்கட்டும். கூட்டத்துல எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு சொன்னீங்களே, எல்லாரும்னா யாரு யாரு? நான் அன்னிக்கு வரல. அதோ, அந்தப் பச்சை கேட்டு வீட்டுக்காரரு வந்தாரா? வழுக்கத் தல, தோள்ல துண்டு, நடக்கும்போது ஒரு காலு லேசா இழுக்கும். அவரு கையத் தூக்குனாரா? சும்மாதான் கேக்குறேன். நல்லா யோசிச்சு சொல்லுங்கமா.

இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, அந்த முனையில பாவு புடிக்கிறது அவருதான். இப்ப முட்டி வலி. எடமே போச்சுன்னா வேலை விட்டுதுன்னு அவரே உங்கள கூட்டியாந்திருப்பாரோன்னு எனுக்கு ஒரு சந்தேகம். மூஞ்சிக்கு நேரா எதையும் சொல்ற ஆளு கெடையாது. மனசுக்குள்ளயே வச்சிக்கினு இருந்து, ஒரு நாளு வெட்டிக்கினு போயிடுவாரு.

என்னாது? கை தூக்கலியா? எழுந்து நின்னாரா? அந்த முட்டியோடவா? என்னா சொன்னாரு, அப்டியே சொல்லுங்க. கல்லு ரெண்டையும் புடுங்கக் கூடாது, காலையில பாவுக்கு எடம் விட்டாத்தான் ஆச்சுன்னாரா? அவரா? வேற யாருனா சொன்னத மாத்திச் சொல்லலியே? என்னை சமாதானப்படுத்தத்தானே சொல்றீங்க? தோள்ல துண்டு போட்டுக்கினு இருந்தவருதானே?

ம்.

எங்க அண்ணன்தான் மேடம் அது. சபாபதின்னு பேரு. எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அவரு பேரு மேல வரலன்னு கல்யாணத்துக்கே வரல. சம்பந்தி வூட்ல அடிச்ச பத்திரிகை அது, சொன்னா நம்பல. அன்னியிலேர்ந்து அவரு வாசப்படிய நான் மிதிக்கல, என் வாசப்படிய அவரு மிதிக்கல. காலையில பாவு நீட்டும்போது மட்டும் அந்தக் கல்லாண்ட நின்னுக்கினு, இழுறான்னுவாரு. நான் இழுத்துட்டேண்ணான்னுவேன். அவ்ளோதான் எங்களுக்குள்ள பேச்சு.

குடுங்க, டேப்பு முனைய நான் புடிக்கிறேன். ஊஞ்சல அந்த ஓரமாப் போடுங்க, சறுக்குமரத்தையும் அங்கியே தள்ளிக்கோங்க. நடுவுல மட்டும் ஒண்ணும் வேணாம் மேடம். அவரு கொரலு இப்பல்லாம் ரொம்பக் கம்மியாப் போச்சு. எனுக்குக் காதுல விழணும்.