ஆறாம் அத்தியாயத்துச் சீட்டு

மேடையில் இருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, தலைமை மெக்கானிக் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அட்டவணை அக்காவின் கணவர் தையல்காரர் அவர்களே, அவருடைய மகளே, காலை வண்டியை நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்து நிற்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, இந்த இரங்கல் கூட்டத்தில் டிப்போவின் மேலாளராக உங்கள் எல்லோரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

பேச வந்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எந்த நாள், எந்த வண்டி, எந்த நேரம் என்று மாதாமாதம் பணி ஒதுக்கியவர் நம் அட்டவணை அக்கா. என்னைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் எனக்கும் அக்காதான். முன்பு நான்கு பேர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை அது. அக்கா எக்செல் கற்றார், பிறகு கணினி நிரல் எழுதக் கற்றார், ஒரே காலையில் முடித்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்த வகுப்புக்குப் போனார்? எதுவுமில்லை. புத்தகம். புத்தகம் மட்டும்தான்.

அவர் புத்தகம் வாங்கும் அழகை ஒருமுறை அவரோடு கடைக்குப் போய்ப் பார்த்தேன். நம் டிப்போ அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். அட்டையைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்துச் சொல்லடைவைப் புரட்டி, பிழை வந்தால் என்ன செய்வது என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என எண்ணினார். 'ஏழே நாளில் நிபுணர்' என்று ஒன்று இருந்தது. "ஏழு நாள்ல நான் பாஸ்வேர்டையே மறந்துடுவேன் சார்" என்று திருப்பி வைத்தார். இன்னொன்றில் பயிற்சிகளுக்கு விடை இல்லை. "விடை தெரியாம கேள்வி கேட்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். நம் அட்டவணையில் இருக்கும் சிக்கல் மாதிரி ஒன்றாவது உள்ளே இருந்தால்தான் வாங்குவார். முதலில் எக்செல் சூத்திரங்களுக்கு ஒன்று, அது முடிந்த பிறகே நிரலுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் வாங்கினால் இரண்டும் அலமாரிக்குத்தான் போகும் என்பார்.

அன்று அவர் வாங்கிய புத்தகம் எனக்கு. தான் வராத நாளில் வேறு ஒருவருக்காவது இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? மேசை விசிறிக்கு அடியில் உயரத்துக்கு வைத்தேன்.

எட்டு மாதத்துக்கு முன், அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுப்பதற்குச் சில நாள் முன்புதான், மருத்துவர் அவரிடம் அறுவை சிகிச்சை வேண்டும் என்றிருந்தார். "அடுத்த மாச அட்டவணையைப் போட்டுட்டுப் போறேன்" என்றார் அக்கா. அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதமும். வேறு யாருக்கு அந்த அட்டவணைக் கோப்பை இயக்கத் தெரியும்? கடைசியில் நான் ஒரு பொய் சொன்னேன். "புத்தகத்தை முடிச்சிட்டேன் அக்கா, நான் பார்த்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தான். மருத்துவமனையில் பார்த்தபோது, "ஆறாம் அத்தியாயம் எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார். "அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு" என்றேன். சிரித்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அவர் இறந்ததற்கு நாள் தள்ளிப்போனதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்த வாரம் அந்தக் கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் ஏற்றிவிட்டேன். "சார், வண்டிக்கொரு கால் வெச்சு ஓட்டட்டுமா?" என்று கேட்டார் அவர். அதோ, தூண் பக்கம் நிற்கிறார். அவரால் இன்று சிரிக்க முடியவில்லை.

முந்தாநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஆஸ்பத்திரியில இருந்து போனதும் அவ சொன்னா, சார் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லன்னு. கோவப்படல சார். ஆறாவது அத்தியாயத்துல ஏதோ சீட்டு வெச்சிருந்தாளாம். படிச்சிருந்தா அதைப் பத்திக் கேட்டிருப்பாருன்னா."

அலுவலகத்துக்கு வந்தேன். விசிறியைத் தூக்கி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். சீட்டு இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. ஒரே வரி. "சார், இதுவரைக்கும் வந்துட்டீங்கன்னா சொல்லுங்க, நான் ஆபரேஷனுக்குப் போயிடறேன்."

தோழர்களே, என்னைத் தேற்றாதீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். பாதிதான் புரிந்தது. நேரக் காப்பாளரும் இரண்டு நடத்துநர்களும் என்னோடு உட்கார்ந்து படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனி இந்த டிப்போவில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை என்று எதுவும் இருக்காது. அடுத்த மாத அட்டவணையில் தப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன். அக்கா, இந்த முறை உண்மையைச் சொல்கிறேன். இன்னும் இரண்டாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறேன்.