வாங்கில் இருப்பவளை யார் எழுப்புவது?

அவைக்குத் தலைமை தாங்கி, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்ட நண்பர் சரீப் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே! பிள்ளையை மடியிலும் பிரார்த்தனையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மாரே! கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் கிண்ணியா, நிலாவெளி உறவுகளே! நாளை விடிய வான் வண்டியேறி, தேசிய நாடக விழாவுக்குக் கொழும்பு புறப்படும் எங்கள் அன்புவழிபுரத்து நடிகை சுலோஜனா அவர்களே! இந்தத் துறைமுகத்து உப்புக்காற்றைச் சுவாசிக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

வாழ்த்திப் பேசும்படி அழைத்தார்கள். வாழ்த்த வந்த எனக்கு வாய் உலர்கிறது. நாடகத்தை எழுதியவன் நான். நடுங்குகிறவனும் நான்தான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் இதே நாடகம் நடந்தபோது நீங்கள் எல்லோரும் எங்கே இருந்தீர்கள்? கதிரை இருந்தது, ஆள் இல்லை. விளக்கு இருந்தது, விழி இல்லை. பின்னாலிருந்து ஒரு தம்பி, “அண்டைக்கு மழை, சேர்” என்கிறார். ஓம் தம்பி, மழைதான். அதே மழையில் படக்கொட்டகை வாசலில் குடையோடு குடை மோதியதை நானும் கண்டேன். கொழும்பு கூப்பிட்ட பிறகுதானே உங்களுக்கும் இது நாடகமாயிற்று!

கசப்பாகப் பேசுகிறேன் என்கிறீர்களா? கசப்புக்குக் காரணம் உண்டு.

இளமையில் ஒரு நாடகத்தோடு நான் கொழும்பு போனேன். கடலில் மகனை இழந்த ஒரு தாயின் கதை. மகனின் சட்டையை மடியில் போட்டு அவள் ஒப்பாரி வைக்கிறாள். சபையில் எவருக்கும் சொல் விளங்கவில்லை. தாளம் மட்டும் விளங்கியது. என்ன செய்தார்கள் தெரியுமா? தாளத்துக்குக் கை தட்டினார்கள்! அவள் மார்பில் அடிக்க அடிக்க, மண்டபமே மகிழ்ந்து மகிழ்ந்து தட்டியது. கடைசியில் பரிசும் தந்தார்கள். நடிப்புக்கா? இல்லை. நாடகத்துக்கா? இல்லை. இன நல்லிணக்கத்துக்கு! நாங்கள் நன்றாகச் செய்ததற்கு அல்ல, நாங்கள் வந்ததற்கு. அந்தக் கைதட்டல் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் இந்த நாடகம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண், தூர நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிடக்கும் புருஷனுக்குச் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போகிறாள். அங்கே நீள மர வாங்கில் உட்கார்ந்து, பக்கத்திலுள்ளவர்களோடு தமிழில் கதைத்துக்கொண்டே காத்திருக்கிறாள். நாடகம் முழுவதும் அவள் கதைதான். ஒரேயொரு வசனம் மட்டும் சிங்களம். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் சொல்கிறது: “உங்கள் கணவர் காலையில் இறந்துவிட்டார். பின்பக்கம் வாருங்கள்.” அவளுக்கு அது விளங்கவில்லை. சிரித்து, தலையாட்டி, பொதியைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் வாங்கில் இருக்கிறாள். அதன் பிறகு அவள் உண்மை அறிந்து, எழுந்து நின்று, சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் பக்கம் பக்கமாக வரும். என் வாழ்நாள் வஞ்சம் முழுவதும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. மறைக்கவில்லை.

அந்தச் சிங்களக் குரல் யாருடையது? இதோ, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தலைவருடையதுதான். சீமெந்து விற்றுப் பழகிய சிங்களம். தனக்கு இன்னொரு வசனம் எழுதித் தரும்படி அவர் கேட்டதைச் சபையில் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

விழாக் குழுவினர் ஒரு நிபந்தனை போட்டார்கள். மேடைக்கு மேலே திரை கட்டி, வசனத்தையெல்லாம் சிங்களத்தில் ஓடவிட வேண்டுமாம். நான் முடியாது என்றேன். விளங்காமல் இருக்கட்டும், ஒரு பொழுதாவது நம்மைப்போல இருந்து பார்க்கட்டும் என்றேன். சுலோஜனா என் முகத்துக்கு நேரே சொன்னார்: “சேர், எனக்குப் பழி வாங்க ஏலாது. அவைக்கு விளங்காட்டி நான் ஆருக்கு நடிக்கிறன்?”

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சரீப்தான், “ரெண்டு பேரும் சண்ட புடிச்சது போதும், ஒருக்காச் செஞ்சு பாப்பம்” என்று, துறைமுகத்தில் வேலை செய்யும் சிங்களக் குடும்பங்களைத் தமக்குத் தெரிந்த ஒரு மண்டபத்துக்கு அழைத்துவந்தார்.

திரை இல்லாமல் நடித்தோம். ஒருவர் கைத்தொலைபேசியைத் தடவினார். ஒருவர் கொட்டாவி விட்டார். நான் பின்சுவரில் சாய்ந்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அப்போது சரீபின் குரல் வந்தது. அவ்வளவு நேரத்தில் அவர்களுக்கு விளங்கிய ஒரேயொரு வசனம்! அவளுக்கு விளங்காத ஒரேயொரு வசனம்! மண்டபத்துக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது. சுலோஜனா சிரித்தார், தலையாட்டினார், வாங்கில் இருந்தார்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிங்களப் பெண் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். சுலோஜனாவின் கையைப் பிடித்து, தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்: “அக்கா, இங்க இருக்க வேணாம். வாங்க, நான் கூட்டிப் போறன்.”

நாடகம் அதோடு நின்றது. என் பக்கங்கள் பேசப்படவில்லை. பேசப்படவில்லையே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை! அதுதான், அன்பர்களே, எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் சுலோஜனா வந்தார். அந்த ஒரு வசனம் விளங்கினால் போதும், திரை வேண்டாம் என்றார். நான் வென்றேன் என்று நினைத்தேன். “கடைசிப் பேச்சும் வேண்டாம் சேர், வாங்கில முடியட்டும்” என்றார். அந்தப் பேச்சுக்காகத்தானே அம்மா நான் நாடகமே எழுதினேன்!

ஊரில் எழுந்த பெண் நம்மோடு ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர். கொழும்பு அப்படியா? அங்கே தாளத்துக்குத் தட்டியவர்கள் அல்லவா இருக்கிறார்கள்? அவள் தலையாட்டும்போது அவர்கள் சிரித்தால்? ஒருவரும் எழாவிட்டால்? என் பேச்சும் இல்லை, திரையும் இல்லை, நடு மேடையில் தனியே ஒரு பெண். இதை எல்லாம் கேட்டேன்.

அவர் சொன்னார்: “ஆரும் எழும்புமட்டும் வாங்கிலயே இருப்பன்.”

விளக்கை அணைத்தால்? “இருட்டுக்குள்ளயும் இருப்பன்.”

இதற்கு மேல் என்ன வாதாட? இன்று பின்னேரம் விழாக் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அரைமனதோடு சரி என்றார்கள். திரை இல்லை. கடைசிப் பேச்சும் இல்லை. என் பேனாவால் நானே வெட்டினேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பில் உங்களுக்கு அண்ணன் இருப்பார், மச்சாள் இருப்பார். நாடகம் பார்க்க வருவார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். நெஞ்சு வெடித்தாலும் நம்மவர் எவரும் எழக் கூடாது! அவள் நம் பிள்ளை என்று ஓடிவந்து கை பிடிக்கக் கூடாது! அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் இருந்தபடியே அழுங்கள். நாம் எழுந்தால் அவளை வீட்டுக்குக் கூட்டிவரலாம், அவ்வளவுதான். அந்த வசனம் எந்தக் காதுக்கு விளங்குகிறதோ, அந்தக் காதுக்கு உரியவர் எழ வேண்டும். ஒருவர் போதும். அந்த ஒருவர் எழுமட்டும் நாம் பொறுத்திருப்போம்.

எழுவாரா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாளை போகிறோம்.

என் கோபத்தையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. என்னை இடையில் நிறுத்தாத தலைவருக்குத் தனி நன்றி. சுலோஜனா அம்மா, போய் வாருங்கள். ஸலாமும் வணக்கமும் சொல்லி அமர்கிறேன்.