பெட்டிக்குள் விழுந்த சீட்டு

— அந்த நோட்டீஸை எத்தனை தடவைதான் படிப்பீங்க? படிக்கப் படிக்க எழுத்து மாறிடுமா?

— மே மாசத்துக்குள்ள காலி பண்ணணுமாம், எலின். குத்தகைதான்னாலும் எங்க பாட்டன் கல்லு பொறுக்கித் திருத்தின நிலம்.

— எல்லாம் என் வாயால வந்தது. லாங்கெவ்னி சந்தையில வெண்ணெய் வித்துக்கிட்டே, 'என் புருஷன் எஜமானோட மச்சானுக்கு ஓட்டுப் போடலை, நம்ம ஜெபவீட்டுச் சபைக்காரருக்குத்தான் போட்டாரு'ன்னு பீத்திக்கிட்டேன். பின்னாடியே, எஜமானுக்குக் குத்தகை வசூல் பண்ற ஏஜெண்டோட குதிரைக்காரன் நின்னிருக்கான்.

— ரகசிய ஓட்டுன்னு சட்டம் வந்து ரெண்டு வருஷமாகுது. பெட்டியில போட்டதை ஒருத்தி சந்தையில கொட்டுவாளா?

— பெருமைங்க. கடலுக்கு அக்கரையில எங்கப்பா, ரகசிய ஓட்டு இல்லாத அறுபத்தெட்டாம் வருஷ எலெக்ஷன்ல, ஓட்டு மேசை முன்னால நின்னு, அங்கத்த ஏஜெண்ட் மூஞ்சியைப் பார்த்து, வாய்விட்டுப் பேரைச் சொன்னாரு. வீட்டைவிட்டுத் துரத்தினாங்க. சாமான் ஏத்தின வண்டியிலேயே உசுரு போச்சு. அவரு மாதிரி இந்தத் தீவுலயும் ஒரு ஆம்பளை இருக்காருன்னு நெனச்சேன்.

— ம்.

— 'ம்'னா? எஜமானோட பெரிய வீடு கைகாட்டுற ஆளுதான் இந்த ஆங்கிள்சித் தீவுக்குப் பார்லிமெண்ட் மெம்பருங்கற காலம் போச்சுன்னு சபையில ஒரே பாட்டு. நம்ம ஆளு ஜெயிச்சு லண்டன் போயிட்டாரு. நாம எங்க போறது?

— லிவர்பூல். கப்பல்துறையில மூட்டை தூக்கலாம்.

— இந்த இருமலை வச்சுக்கிட்டா? நான் சொல்றதைக் கேளுங்க. உங்க சீட்டு எதுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. ஏஜெண்ட்கிட்ட போய், 'எஜமான் ஆளுக்குத்தான் போட்டேன், அந்த முட்டாப்பய மவ உளறிட்டா'ன்னு சொல்லிடுங்க. பொய்தான். எங்கப்பா மன்னிப்பாரு.

— நேத்தே போனேன்.

— போனீங்களா! என்ன சொன்னான்?

— சிரிச்சான். 'இப்ப எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான், ரிதர்க். எங்க, சீட்டைக் காட்டு'ன்னான். எஜமான் ஆளுக்குத்தான் போட்டேன்னு பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணேன். அப்பவும் நம்பலை.

— பைபிள் மேலயா? சபைக்கு மூப்பர் நீங்க! ஏஜெண்ட்கிட்டதான பொய் சொல்லச் சொன்னேன், கர்த்தர்கிட்டயா சொல்லச் சொன்னேன்? பொய்ச் சத்தியம் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணுவீங்க?

— நான் பண்ணது பொய்ச் சத்தியம் இல்லை, எலின்.