டாக்டர் இல்லை, டிரஸ்ஸர்

எங்கள் வீட்டு முன்னறையில் காற்று நன்றாக வரும். மலாக்கா காஜா பெராங்கில் அந்த வரிசையில் எங்களுடையது மூலை வீடு. அதனால் முன்னறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. அந்த அறையை டாக்டர் கோகிலாவுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான், என் மனைவி சிவகாமி அல்ல. இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஆரம்பத்திலிருந்தே அவர்மேல் எனக்குப் பகை என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை.

அவர் வந்தது ஜூன் மாதம். சிங்கப்பூரில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடப் பயிற்சிக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தார். சொந்த ஊர் தைப்பிங். மலாக்காவில் யாரையும் தெரியாது. ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்கள், ஒரு குடை, அவ்வளவுதான் அவருடைய சாமான். நான் அந்த ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராகச் சேர்ந்தபோது அவர் பிறக்கவே இல்லை.

டிரஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்று வெளியில் நினைக்கிறார்கள். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, நோயாளியின் அட்டையை எழுதிப் பாதுகாப்பது எல்லாம் நாங்கள்தான். ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்கார டாக்டர்கள் ஓடிப்போனார்கள். மூன்றாம் வார்டின் நாற்பது கட்டிலையும் மூன்றரை வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டவன் நான். அதிலிருந்து அந்த வார்டில் என்னை ‘டாக்டர் ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. வேண்டாமென்றும் சொன்னதில்லை.

முதல் வாரம் டாக்டர் கோகிலா ஊரைப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்துச் செட்டி கம்பத்துப் பெண்கள் பொட்டு வைத்துக் கோயிலுக்குப் போவதைப் பார்த்துத் தமிழில் பேச்சுக் கொடுத்திருக்கிறார். தலைமுறைகளாகத் தமிழை மறந்துபோனவர்கள், மலாயில் பதில் சொல்லிச் சிரித்தார்களாம். அதைச் சாயங்காலம் சிவகாமியிடம் சொல்லி இவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சிவகாமி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பத்து நாளில், எனக்கு முன்பாக அவருக்குத் தேநீர் வைக்க ஆரம்பித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், நேரத்தில் கண்டிப்பானவர். தினமும் பத்து மணிக்கு வார்டைச் சுற்றி வருவார், புதன்கிழமை மட்டும் ஒன்பதரைக்கு. இது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை, வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். டாக்டர் கோகிலா என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு புதன்கிழமை நோயாளிகள் முன்னால் திட்டு வாங்கினார். இரண்டாவது முறை வீடு திரும்பும்போது அவர் கண் சிவந்திருந்தது. “பரவாயில்லம்மா, புது இடம், பழகிடும்” என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். நோயாளிகளிடம் அவரை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடச் சொன்னதும் நான்தான். அது நர்ஸைக் கூப்பிடும் வார்த்தை. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

வேறு சிலவும் செய்தேன், எல்லாம் சின்ன விஷயங்கள். அவர் தேடும் கருவி வேறு அலமாரியில் இருக்கும். அவர் எழுதிய குறிப்பு லேபுக்கு ஒரு நாள் தாமதமாகப் போகும். தெருவில் கேட்டவர்களிடம், வயசுப் பெண் தனியாக வந்திருக்கிறது, என்ன காரணமோ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியை அவர்களே பேசிக்கொண்டார்கள். ஆகஸ்டில் அவர் நன்றாக இளைத்துப் போனார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னார்.

“இந்த ஊருக்கு என்னப் புடிக்கல போல, அங்கிள். நீங்களும் ஆன்ட்டியும் இல்லன்னா நான் எப்பவோ தைப்பிங்குக்கு ஓடியிருப்பேன்.”

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து பத்து நாள் இருக்கும். வெள்ளைக்காரர்கள் போகப்போகிறார்கள், இனி எல்லாப் பதவியும் நம்மவர்களுக்குத்தான் என்று ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. அன்று வார்டில் ஒரு கிழவருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று டாக்டர் கோகிலா விளக்கிக்கொண்டிருந்தார். கிழவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, டாக்டர் ஐயா சொல்லட்டும், அவர் சொன்னால் செய்துகொள்கிறேன் என்றார்.

அப்போது அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அவர் டாக்டர் இல்ல, தாத்தா. டிரஸ்ஸர். இத முடிவு பண்ண வேண்டியது டாக்டருங்க.”

நாற்பது கட்டிலும் அதைக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அதற்கப்புறம் அந்த வார்டில் சிலர் என்னை ‘டிரஸ்ஸர்’ என்று கூப்பிட்டார்கள். அப்படிச் சொன்னோம் என்பதே டாக்டர் கோகிலாவுக்கு நினைவில்லை. சாயங்காலம் வழக்கம்போல அங்கிள் என்று கூப்பிட்டு, ரொட்டி வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

மருதமுத்து அதற்கு அடுத்த வாரம் வந்தான். ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், வீடு தெங்கேராவில், வயது முப்பத்திரண்டு. நெஞ்சில் சளி கட்டி நல்ல காய்ச்சல். அவன் மனைவி அஞ்சலை அவனை மூன்று சக்கரப் பேச்சாவில் உட்காரவைத்து, தான் கூடவே நடந்து வந்திருந்தாள்.

எனக்கு அவனை முன்பே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் காலில் ஆணி ஏறி வந்தபோது பென்சிலின் போட்டோம். ஐந்து நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லை. நான் அட்ரினலின் ஊசி போட்டு அவனைக் காப்பாற்றினேன். அஞ்சலை என் காலில் விழுந்தாள். பெரிய டாக்டர் என் கையைக் குலுக்கினார். இவனுக்கு இனி எக்காலத்திலும் பென்சிலின் கூடாது என்று அவனுடைய அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன். என் கையெழுத்துதான், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

டாக்டர் கோகிலா முறையாகத்தான் நடந்துகொண்டார். இதைப் பிறகு நடந்த ஆஸ்பத்திரி விசாரணையில் நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இவர் முன்பு இங்கே படுத்திருக்கிறாரா, பழைய அட்டை இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். தேடிப் பார்த்தேன், இல்லை என்றேன். அட்டை அப்போது என் பையில், செய்தித்தாளுக்குள் இருந்தது. பிறகு மருதமுத்துவிடமே கேட்டார், பென்சிலின் போட்டிருக்கிறார்களா என்று. அவனுக்கு மருந்தின் பெயரெல்லாம் தெரியாது.

“அதெல்லாம் ஐயாவுக்குத்தான் தெரியும்” என்று என்னைக் காட்டினான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பென்சிலின் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோடியில் இருந்த கட்டிலுக்குப் போனார்.

அவனைக் கொல்வது என் எண்ணமாக இருக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். அப்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து மணிக்குப் பெரிய டாக்டர் உள்ளே வருவார். அவர் கண் முன்னால் மருதமுத்துவுக்கு மூச்சு அடைக்கும், புது டாக்டர் திகைத்து நிற்பார், நான் காப்பாற்றுவேன். முன்பு ஒருமுறை காப்பாற்றினேன் அல்லவா. அவன் மத்தியானம் கஞ்சி குடித்திருப்பான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இருந்திருக்காது, அந்தப் பெண் டாக்டரைத் தவிர.

ஸ்பிரிட் தடவும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கை கொதித்தது.

“ஐயா, அன்னைக்கு எனக்கு ஒத்துக்காமப் போச்சே, அந்த ஊசி இல்லையே?”

“இது வேற ஊசி” என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பெரிய டாக்டர் அன்று பத்து மணிக்கு வரவில்லை. வழியில் கார் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். இருபத்தாறு வருடத்தில் அவரோ அவருக்கு முன்னால் இருந்தவர்களோ தாமதமாக வந்த நாளை நான் ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடுவேன். மருதமுத்துவின் உதடு தடித்தது, பிறகு கண். சத்தம் கேட்டு டாக்டர் கோகிலா ஓடி வந்தார். ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. அட்ரினலின் என்று கை நீட்டினார். அவசரத் தட்டில் அது இல்லை. மருந்தறையில் பார்க்கிறேன் என்று நான் போனேன். போய்த் திரும்ப ஆறு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அவர் கட்டில்மேல் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தி மூச்சை வரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போய்விட்டான், நிறுத்துங்கள் என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை. பெரிய டாக்டர் பத்தேகாலுக்கு உள்ளே வந்து, அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. பழைய அட்டையைக் கேட்டேன், டிரஸ்ஸர் இல்லை என்றார் என்று அவர் சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். ஒருவர் மூன்று மாதம் வேலை பார்த்தவர், இன்னொருவர் இருபத்தாறு வருடம். அவருடைய பயிற்சியை நிறுத்தினார்கள். அவருடைய அப்பா தைப்பிங்கிலிருந்து வந்து அழைத்துப்போனார். போகும்போது டாக்டர் கோகிலா சிவகாமியைக் கட்டிக்கொண்டு, “நான் கேட்டேன், ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னார்.

அட்டையை நான் எரித்திருக்கலாம். ஆனால் அது அரசாங்க ஆவணம், அழிக்க மனம் வரவில்லை. அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். சிவகாமி நாலாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள், அட்டையை வாசிக்க அது போதும். போன வாரம் ஒருநாள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டாள், தபாலாபீசுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். அவள் எதை அனுப்பினாள், யாருக்கு அனுப்பினாள் என்பது நீங்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அவள் முன்னறையில் படுத்துக்கொள்கிறாள்.

அட்டையைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அட்ரினலின் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்வது என் வழக்கமில்லை, ஆனால் அரைகுறையாக எழுதிய வாக்குமூலத்தில் எனக்குக் கையெழுத்துப் போடப் பிடிக்காது.

மருந்தறையில் நான் எதையும் தேடவில்லை. உள்ளே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்த மருந்தைக் காலையிலேயே எடுத்து, ஊசியில் ஏற்றி, என் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தேன். டாக்டர் கோகிலா கை நீட்டியபோது அவர் கைக்கும் அந்தப் பைக்கும் நடுவில் ஒரு முழம் தூரம்கூட இல்லை. எடுத்துக் கொடுத்திருந்தால் மருதமுத்து பிழைத்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவனைப் பிழைக்க வைத்தவர் அவர் என்று ஆகியிருக்கும். மூன்றாம் வார்டில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு நான் எப்படி இடம் கொடுக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.