நாற்சந்திக்கு வந்த அருவி

தென்காசி நாற்சந்தியில் நின்ற இடம் விட்டு நகராமல், உயர்த்திய கையை இறக்காமல், குற்றாலத்து அருவியையே தம்மிடம் வரவழைத்துக் குளித்த காவலர் ஈரேழு உலகிலும் ஒருவரே! அவரே இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் வல்லிநாயகம் அண்ணாச்சி!

இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கரம் எழுந்தால் காரும் நின்றது, கட்டைவண்டியும் நின்றது. அச்சன்புதூர்க் காளைகள் அசைபோடுவதையும் நிறுத்தின. காவலர் கைகாட்டினால் வண்டியோட்டி பணிந்தாக வேண்டும் என்னும் சட்டத்தை, ஏடறியாதவரும் அவர் உள்ளங்கையில் கற்றனர்.

சீசன்தோறும் ஊரையே மேற்கே குளிக்க அனுப்பியவர், ஒரு சீசனிலும் குளித்ததில்லை. அருவி மூன்றே மைல். திரும்பிவரும் பேருந்தில் எண்ணெயும் ஈரத்துணியும் மணக்கும். அது மறையும்வரை அவர் கண் பின்னாலேயே போகும். மலையிலிருந்து பறந்துவரும் சாரல் மட்டும் மனமிரங்கி அவர் மீசையைத் தொட்டுச் செல்லும்.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஆடியில் ஒரே ஒரு நாள் விடுப்புக் கேட்டார்.

"சீசன்ல லீவா? நீரும் குளிக்கப் போயிட்டா, வண்டிய அருவியா வந்து நிறுத்தும்?" என்றார் ஏட்டு ரத்தினம்.

அண்ணாச்சி தொப்பியை மாட்டிக்கொண்டு சந்திக்குத் திரும்பினார். நண்பகலில் குற்றாலத்துப் பேருந்து வந்தது, கைகாட்டினார், நின்றது. விடுப்புக் கதையைக் கேள்விப்பட்டிருந்த ஓட்டுநர் பலவேசம், வழியிலேயே பயணிகளிடம் அதைச் சொல்லிவிட்டிருந்தார். மேலகரம் பிச்சம்மாள் அருவித் தண்ணீர்க் குடத்தோடு இறங்கினாள்.

"ஊரயே அனுப்புதீரு, உம்ம தல மட்டும் காஞ்சு கெடக்கு. தொப்பியக் கழத்தும்."

"டூட்டில நிக்கேன், ஆச்சி."

"நில்லும். ஒம்மள யாரு நடக்கச் சொன்னா?"

கவிழ்ந்தது குடம்! அதன்பின் நாற்பது குடம், நானூறு கூஜா! கை இறங்கவில்லை. இறங்கினால் பேருந்து போய்விடுமே! எதிரே ஒரு ஜீப் ஆரன் அடித்து அலறியது. தொப்பி பிடித்த மற்றக் கையும் எழுந்தது. ஜீப்பும் அடங்கி நின்றது.

"பலவேசம் விடுத கத" என்று நான்காண்டாக மறுத்துவரும் ஏட்டையா, இம்மடலில் கையெழுத்திடவும் மூன்று நாள் மறுத்தார்.

அன்புக்குரிய அண்ணாச்சி! நீங்கள் இல்லாத சந்தியில் எங்கள் கால்கள் தாமாகவே பிரேக்கைத் தேடும். நாளை முதல் பேருந்தில் முன்னிருக்கை உங்களுக்கே. தடுக்கும் கை இல்லாத பாதையில் மேற்கே போங்கள்; மூச்சு முட்ட நனையுங்கள்; இருபத்திரண்டு சீசனின் பாக்கியும் தீர, இன்னும் நாற்பது சீசன் நலமுடன் குளித்து வாழ்க!

தென்காசி, ஆடி 1965

உங்கள் கைக்குக் கட்டுப்பட்ட ஓட்டுநர்கள், நிலையக் காவலர்கள்

எழுதியவர்: பலவேசம், ஓய்வுபெற்ற ஓட்டுநர்

ரத்தினம், ஏட்டு: ஜீப்பில் இருந்தது நான்தான். கையைப் பார்த்து நின்றேன். நடந்தது உண்மை. நாற்பது குடம் இல்லை, முப்பத்தாறு.